ஆஸ்கர் தொட்டியில் சக்கர் மீன் பிழைக்க

பெங்களூரில் சிவாஜிநகர் பக்கம் போய் ஆஸ்கர் என்ற பெரிய வளர்ப்பு மீனை வாங்கினால், கூடவே கண்ணாடியில் ஒட்டிப் பாசி மேயும் சக்கர் மீன் குஞ்சு ஒன்றையும் கவரில் போட்டுத் தரட்டுமா என்று கேட்பார்கள். "பாசியை எல்லாம் அதுவே தின்னுடும் சார், தனியா சாப்பாடே போட வேண்டாம்" என்ற உத்தரவாதமும் சேர்ந்தே வரும். அந்த 2 இஞ்ச் குஞ்சுக்கு ஆயுள் அதிகமில்லை. ஒன்று, ஆஸ்கர் விழுங்கிவிடும். இல்லையென்றால் வயிறு ஒட்டி, கண் குழிந்து, ஒரு நாள் காலையில் ஃபில்டர் பக்கத்தில் கிடக்கும். முதல் சாவு கண்ணுக்குத் தெரியும் என்பதால் அதைப் பற்றித்தான் பேச்சு. பட்டினிச் சாவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பாசி தின்னும் மீனும் மற்ற மீனைப் போலவே இடம், இரை, மறைவு மூன்றையும் கேட்கும். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன், ஜாக் டெம்ப்சி, கிரீன் டெரர், ரெட் டெவில் போன்ற முரட்டு சிக்லிட்கள் (எல்லை பிடித்துச் சண்டை போடும் மீன் குடும்பம்) இந்த மூன்றையும் தானாக விட்டுக்கொடுக்காது. நாம்தான் பிரித்து வைக்க வேண்டும்.

எந்த மீன், எந்த அளவு

கடையில் சக்கர், டேங்க் கிளீனர் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் டெரிகோப்லிக்திஸ் இன மீன். நன்றாக வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும், ஒன்றரை அடி வரை போவதும் உண்டு. உடம்பு முழுக்க எலும்புத் தகடு. முதுகிலும் பக்கவாட்டிலும் இருக்கும் முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும். முழு வளர்ச்சி அடைந்த ஆஸ்கரோடு தாக்குப்பிடிக்க இதுவும், இதே இனத்தில் துடுப்பு பாய்மரம் போல விரியும் செயில்ஃபின் வகையும்தான் சரி.

சக்கரின் சின்ன உறவான ப்ரிஸ்டில்நோஸ் 4, 5 இஞ்சோடு நின்றுவிடும். பாசி மேய்வதில் சக்கரை விடக் கெட்டிக்காரன். ஆனால் 12 இஞ்ச் ஆஸ்கருக்குப் பக்கத்தில் விட முடியாது. கன்விக்ட், ஃபயர்மவுத் போன்ற 6, 7 இஞ்சுக்குள் நிற்கும் சிக்லிட்களோடு வைக்கலாம். மலாவி ஏரியின் எம்புனா வகை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே தேவையில்லை. அவையே பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும்.

அளவுக்கு ஒரே கணக்கு: பெரிய மீனின் நீளத்தில் பாதிக்குக் குறையக் கூடாது, எப்படியிருந்தாலும் 4 இஞ்சுக்குக் கீழே வேண்டாம். ஆஸ்கர் தன் வாய்க்குள் அடங்கும் எதையும் முயன்று பார்க்கும். சக்கர் குஞ்சு தொண்டைக்குள் போனதும் முள்ளை விரிக்கும். அது பின்னோக்கிச் சாய்ந்து நிற்பதால் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. இரண்டு மீனும் போய்விடும். அப்படி மாட்டிக்கொண்டால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், தொண்டை கிழியும். ஆஸ்கரை ஈரத் துணியில் பிடித்து, முள்ளைச் சின்ன கட்டரால் நறுக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

ஓட்டோ என்ற ஒன்றரை இஞ்ச் மீன் இந்தத் தொட்டிக்கு வெறும் தீனி. நத்தையும் இறாலும் அப்படித்தான். சைனீஸ் ஆல்கே ஈட்டர் என்று பொன்னிறத்தில் விற்பதை எந்தச் சிக்லிட் தொட்டியிலும் விடாதீர்கள். குஞ்சாக இருக்கும்போது பாசி தின்னும். வளர வளரப் பாசியை விட்டுவிட்டு, பெரிய மீனின் விலாவில் ஒட்டி மேல்வழவழப்பை உறிஞ்சப் பழகும். சயாமிஸ் ஆல்கே ஈட்டர் வேறு மீன்; அதன் கறுப்புக் கோடு வாலின் நுனி வரை ஓடும். வேகமானது, 6 இஞ்ச் வரை வளரும், நடுத்தர சிக்லிட்களோடு ஓடிப் பிழைத்துக்கொள்ளும். பெரிய ஆஸ்கரிடம் ராத்திரியில் மாட்டும்.

வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மீனின் வயிற்றைப் பாருங்கள். தட்டையாகவோ லேசாக உப்பியோ இருந்தால் வாங்கலாம். உள்ளே குழிந்திருந்தால் வேண்டாம். கடைத் தொட்டியிலேயே பல நாள் பட்டினி கிடந்த மீன், குடல் தேறி வருவது கஷ்டம்.

தொட்டி

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை 255 லிட்டர் பிடிக்கும். நடுத்தர சிக்லிட் ஜோடிப்படாமல் ஒன்றிரண்டு, கூட ஒரு ப்ரிஸ்டில்நோஸ், அவ்வளவுதான் அதன் கொள்ளளவு. ஆஸ்கரும் சக்கரும் என்றால் 5 அடிக்கு 2 அடி, 2 அடி உயரம். 560 லிட்டருக்கு மேல் வரும். சக்கரைச் சுத்தத்துக்காக வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அது தின்பதை விட அதிகமாகக் கழிப்பது போலத்தான் இருக்கும். தரையெல்லாம் நீள நீளமாக எச்சம் கிடக்கும். ஃபில்டரை இரண்டு பெரிய மீனுக்கு என்று கணக்கிட்டு வாங்குங்கள்.

குழாய்தான் உயிர்

கடையில் விற்கும் பொம்மைக் குகை, உடைந்த பானை எல்லாவற்றையும் விட ஹார்டுவேர் கடை பி.வி.சி. குழாய்த் துண்டு மேல். 4, 5 இஞ்ச் ப்ரிஸ்டில்நோஸுக்கு 50 மில்லிமீட்டர் குழாய். 6 முதல் 8 இஞ்ச் சக்கருக்கு 75 மில்லிமீட்டர். ஒரு அடியைத் தொட்டுவிட்டால் 110 மில்லிமீட்டர். நீளம் மீனைப் போல ஒன்றரை மடங்கு.

பெரிய குழாயாகப் போட்டால் மீனுக்கு வசதி என்று நினைக்க வேண்டாம். மீன் உள்ளே போய்ப் பக்கவாட்டு முள்ளை விரித்தால் குழாய்ச் சுவரில் தட்ட வேண்டும். அப்படித் தட்டினால்தான் எவ்வளவு இழுத்தாலும் அது வெளியே வராது, சிக்லிட்டின் தலையும் உள்ளே நுழையாது. சக்கர் தலையை உள்ளே விட்டு, தகடு போர்த்திய வாலை வாசலில் காட்டிக்கொண்டு படுக்கும். அதன் பலவீனமான இடங்கள் கண்ணும் வயிறும். இரண்டும் உள்ளே பத்திரமாக இருக்கும். இரு பக்கமும் திறந்த குழாய் என்றால் பின்னால் வந்து கண்ணைக் கொத்துவதற்கு வழி விட்டதாக ஆகும். அதனால் ஒரு முனையை மூடியால் அடைத்து, மூடியில் 6 மில்லிமீட்டர் ஓட்டை இரண்டு போடுங்கள், உள்ளே தண்ணீர் தேங்காமல் ஓடும். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடியுங்கள். மூடியை ஒட்டப் பசை வேண்டாம், அழுத்தினாலே நிற்கும்.

ஒரு சக்கருக்கு இரண்டு குழாய்களாவது வேண்டும். ஒன்றைச் சிக்லிட் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டால் இன்னொன்றுக்கு ஓடலாம். வாசல் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கட்டும். நடுவில் சக்கர் திரும்பிப் போகும் அளவுக்கு மட்டும் இடைவெளி. ஆஸ்கர் ஓடிவந்து நேராக முட்ட முடியாது.

குழாயைக் கருங்கல் துண்டோடு கேபிள் டையால் கட்டுங்கள். பெங்களூரில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, தண்ணீரின் கடினத்தையும் அது கூட்டாது. வேறு கல் என்றால் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கல்லை முதலில் தொட்டியின் அடிக் கண்ணாடியில் ஒரு மெல்லிய நுரைத்தாள் மேல் வைத்துவிட்டு, பிறகு மணலைச் சுற்றிப் போட வேண்டும். மணல் மேல் வைத்த கல்லைச் சிக்லிட் தோண்டித் தோண்டியே சாய்த்துவிடும்.

ஒரு மரக்கட்டையும் வையுங்கள். சக்கர் வகை அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். மீன் கடையில் விற்கும் நன்கு ஊறிய கட்டை போதும். நடைபாதையில் விழுந்த பச்சைக் கிளையை எடுத்துப் போட்டால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

விடும் முறை

சக்கரை முதலில் விட்டு, இரண்டு வாரம் கழித்துச் சிக்லிட்டை விடுவது உத்தமம். பலருக்கும் ஆஸ்கர் ஏற்கனவே இருக்கும். அப்படியென்றால் புது சக்கரைத் தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வைத்து நன்றாகச் சாப்பிட வையுங்கள். விடும் நாளில் கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்குங்கள். ஆஸ்கருக்குத் தன் எல்லை எது என்று குழம்பிவிடும். ஆஸ்கருக்கு வயிறு நிறைய இரை போட்டு, விளக்கை அணைத்து, ஒரு மணி நேரம் கழித்துச் சக்கரைக் குழாய் வாசலிலேயே விடுங்கள். அப்போதும் விரட்டினால் ஓட்டை போட்ட அக்ரிலிக் தடுப்பை ஒரு வாரம் நடுவில் நிறுத்துங்கள்.

வலையில் பிடிக்காதீர்கள். முள் வலையில் சிக்கினால் பிய்த்து எடுக்கும்போது துடுப்பு கிழியும். பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டு எடுங்கள்.

இரை

ஒரு தொட்டியில் வளரும் பாசி ஒரு வளர்ந்த சக்கருக்குப் பத்தாது. பசித்த சக்கர் ராத்திரியில் தூங்கும் ஆஸ்கரின் பக்கவாட்டில் ஒட்டி வழவழப்பைச் சுரண்ட ஆரம்பிக்கும். காலையில் ஆஸ்கர் மேல் வட்ட வட்டமாகத் தடம் தெரிந்தால் காரணம் இதுதான். ஆஸ்கர் சும்மா இருக்காது, அங்கிருந்துதான் பகை தொடங்கும்.

விளக்கு அணைக்கும் முன் ஆஸ்கருக்குத் தொட்டியின் ஒரு மூலையில் பெல்லட் போடுங்கள். அணைத்து முக்கால் மணி நேரம் ஆனபின் எதிர் மூலையில் ஆல்கே வேஃபர் (பாசியில் செய்த தட்டை வில்லை) போடுங்கள். நேரடியாகப் போட்டால் ஆஸ்கர் எழுந்து வந்து அதையும் தின்றுவிடும். முக்கால் இஞ்ச் குழாய் ஒன்றை மேலிருந்து சக்கரின் குழாய் வாசல் வரை செங்குத்தாகப் பிடித்து, அதன் வழியே வேஃபரை இறக்குவதுதான் நிச்சயமான வழி. 5 இஞ்ச் மீனுக்கு ஒன்று, பெரியதற்கு இரண்டு மூன்று.

வாரம் மூன்று நாள் காய்கறி. வெள்ளரிக்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ எதுவும் ஆகும். (சௌசௌவுக்குத் தமிழ்நாட்டுக்காரர்கள் பெங்களூர் கத்திரிக்காய் என்று பேர் வைத்தார்கள், இங்கே சக்கருக்கும் அது பிடிக்கும்.) அரை இஞ்ச் வட்டமாக நறுக்கி, கொதிநீரில் 2 நிமிடம் போட்டு, ஆறவைத்து, எவர்சில்வர் ஸ்பூனில் குத்தி அடியில் கிடத்துங்கள். காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

பெங்களூர் தண்ணீர், பெங்களூர் குளிர்

காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். 100 லிட்டருக்கு 2 கிராம் சோடியம் தயோசல்பேட் தாராளம். போர்வெல், டேங்கர் தண்ணீர் கடினமானது, லோடுக்கு லோடு மாறும். ஆஸ்கரும் சக்கரும் கடின நீருக்குப் பழகிவிடும், திடீர் மாற்றத்துக்குத்தான் பழகாது. டேங்கர் மாறிய வாரம் பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றாமல், கால் பங்காக இரண்டு தடவை மாற்றுங்கள். சில போர்வெல் தண்ணீரில் எடுக்கும்போதே நைட்ரேட் (கழிவிலிருந்து சேரும் உப்பு) அதிகம் இருக்கும். தொட்டியில் அதை 40 பி.பி.எம்.முக்குள் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) வைக்க முயல்கிறவர்கள் குழாய்த் தண்ணீரையும் ஒரு முறை சோதிப்பது நல்லது. 2024 கோடையைப் போலத் தட்டுப்பாடு வந்தால் இரையைப் பாதியாகக் குறையுங்கள். பெரிய மீன்கள் தாங்கும். எடுத்த பழைய நீர் மாடித் தோட்டத்துக்கு நல்ல உரம்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஹீட்டர் கட்டாயம். 26 முதல் 28 டிகிரி, லிட்டருக்கு 1 வாட் என்று கணக்கு. ஹீட்டருக்கு பிளாஸ்டிக் கூடு போடுங்கள்: சக்கர் சூட்டுக்கு அதன் மேலேயே ஒட்டி வயிற்றைச் சுட்டுக்கொள்ளும், ஆஸ்கர் முட்டிக் கண்ணாடியை உடைக்கும்.

கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் வேண்டும். சக்கர் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றால் சுவாசிக்கும், அதனால் தப்பித்துவிடும் என்று நினைப்போம். மேலே வரும் வழியில்தான், தானும் மூச்சு முட்டி எரிச்சலில் மேலே நிற்கும் சிக்லிட்டிடம் அடி வாங்கும்.

ஃபிளவர்ஹார்ன் வளர்ப்பவர்கள் கல்லுப்பை அள்ளிப் போடும் வழக்கம் உண்டு. சக்கர் இருந்தால் லிட்டருக்கு 1 கிராமைத் தாண்டி நிரந்தரமாக வைக்காதீர்கள். செம்பு, மாலக்கைட் கிரீன் கலந்த மருந்து என்றால் பாதி அளவு.

கோளாறு எங்கே

சக்கர் பகலில் தண்ணீர் மட்டத்தில், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் தொங்கினால் அதன் மறைவுக் குழாயைச் சிக்லிட் பிடித்துக்கொண்டது என்று பொருள். வால் நுனி கிழிந்திருந்தால் பொறுக்கலாம், வளர்ந்துவிடும். கண் போனால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். சிக்லிட் ஜோடி சேர்ந்து முட்டை வைத்தால் காத்திருக்காமல் பிரித்துவிடுங்கள்: ராத்திரியில் சக்கர் முட்டையைத் தின்னப் போகும், காலைக்குள் சிக்லிட் ஜோடி அதைக் கொன்றுவிடும். வளர்ந்த ஆண் ஃபிளவர்ஹார்ன் பலவும் குழாய், தடுப்பு எதற்கும் மசியாது. அதற்குத் தனித் தொட்டிதான், பாசியைக் காந்த ஸ்க்ரேப்பரால் நீங்களே தேயுங்கள்.

மீன் நன்றாக இருந்தும் பாசி போகவில்லையா? கண்ணாடியில் புள்ளி புள்ளியாக இறுகும் பச்சைப் பாசி சக்கரின் வாய்க்கு அசையாது. நீலப்பச்சையாகப் போர்வை போலப் படர்வதை எந்த மீனும் தொடாது. விளக்கை 6 முதல் 8 மணி நேரமாகக் குறைத்து, வாரம் 40 சதவீதம் தண்ணீர் மாற்றினால் இரண்டும் பெரும்பாலும் குறையும்.

சக்கர் தொட்டிக்கு மேல் வளர்ந்துவிட்டால் வாங்கிய கடையில் திருப்பி எடுப்பார்களா என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள். அல்சூர் ஏரியிலோ வேறு ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். இது தென்அமெரிக்க மீன். இந்திய நீர்நிலைகள் பலவற்றில் ஏற்கனவே பெருகிவிட்டது. கரையைக் குடைந்து முட்டை வைக்கும், நாட்டு மீன்களின் இரையைப் பறிக்கும், மீனவர் வலையைக் கிழிக்கும். கடையில் எடுக்கவில்லையென்றால் ஊரில் பெரிய தொட்டியோ சிமெண்ட் தொட்டியோ வைத்திருக்கும் மீன் வளர்ப்பவர்களிடம் சும்மா கொடுத்துவிடலாம்.