சக்கிமுக்கித் துப்பாக்கியில் அணில் வேட்டையா? கிண்ணத்தைக் கவனியுங்கள்

அமெரிக்காவின் கென்டக்கி, பென்சில்வேனியா மலைக்காடுகளில் உரிமம் எடுத்து அணில் வேட்டைக்குப் போகிறவர்களில் சிலர் இன்றும் சக்கிமுக்கித் துப்பாக்கியைத்தான் தூக்குகிறார்கள்; கல் எஃகில் உரசிக் கிளம்பும் பொறியால் வெடிக்கும் பழைய வகை அது. அணிலுக்கு .32 அல்லது .36 காலிபர் (அங்குலத்தில் குழலின் உள்விட்டம்) போதும். குழலுக்குள் போடும் கருமருந்து 20 கிரெய்ன் (சுமார் 1.3 கிராம்) அளவில் இருக்கட்டும். அதிகம் போட்டால் கறிதான் வீண்.

வெடிக்காமல் சொதப்புவது பெரும்பாலும் குழலுக்கு வெளியே, பொறி விழுந்து முதலில் தீப்பிடிக்கும் பொடி மருந்தை வைக்கும் சின்னக் கிண்ணத்தால்தான். அதை நிரப்பிவிடாதீர்கள். பொடி மருந்து பாதிக்கும் குறைவாக, குழலுக்குள் போகும் துளையை மூடாமல் இருக்க வேண்டும். மூடினால் மருந்து திரி மாதிரி மெதுவாக எரிந்து உள்ளே போகும். அதற்குள் அணில் அடுத்த கிளையில்! குழலுக்குள் மருந்து கெட்டிக்கும்போது துளையில் ஓர் இறகுத் தண்டைச் செருகிவைத்தால் அடைப்பு வராது. பனிக்காலையில் மருந்து ஈரத்தை இழுத்துக் கறுப்புக் கூழாகிவிடும். அவ்வப்போது கிண்ணத்தையும் கல் உரசும் எஃகுத் தகட்டையும் துடைத்துவிட்டு, புதிதாகப் போடுங்கள்.

அப்புறம், விசையை இழுத்ததும் கண்ணெதிரே குபீரென்று தீ கிளம்பும். குண்டு கிளம்புவது அதற்கு ஒரு கணம் கழித்துத்தான். அதுவரை குறி அசையக்கூடாது. தீ மட்டும் அடித்து குண்டு கிளம்பாவிட்டால், குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே ஒரு நிமிடமாவது பொறுங்கள்.