வார்டிலிருந்து வீட்டுக்கு: பாதுகாப்புத் திட்டம் எழுதும் முறை

மனநலப் பிரிவிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரமும், அதைத் தொடரும் மூன்று மாதமும் தற்கொலை அபாயம் மிகுந்த காலம். வார்டில் வேளாவேளைக்கு மாத்திரை, ராத்திரியும் விழித்திருக்கும் ஆள். வீட்டுக்கு வந்ததும் இரண்டும் ஒரே நாளில் நின்றுபோகும். விட்டுப்போன கடனும் மனஸ்தாபமும் வாசலிலேயே காத்திருக்கும். 'தெளிஞ்சுட்டாக' என்று குடும்பம் கண்ணயர்வதும் அப்போதுதான். அதனால் டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே, டாக்டரோ வார்டின் சமூகப் பணியாளரோ உடனிருக்க, எண்ணம் திரும்ப வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று சொல்லும் பாதுகாப்புத் திட்டத்தை எழுதி முடியுங்கள். கேட்கக் கூச்சம் வேண்டாம்: அனுப்பும் முன் நோயாளியோடும் குடும்பத்தோடும் மேல்சிகிச்சை பற்றிக் கலந்து பேச வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 98 சொல்கிறது.

'இனிமேல் அப்படி நினைக்க மாட்டேன்' என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் வாங்குவது திட்டம் ஆகாது. எண்ணம் திரும்ப வந்தால் அதை வெளியே சொல்லவிடாமல் வாயைக் கட்டிப்போடும், அவ்வளவுதான். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைக்காது.

பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த ஆறு படி முறைதான் பரவலாகப் பயன்படுகிறது. ஒரே தாளில், நோயாளியின் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும்.

முதல் படி, அபாய அறிகுறி. 'மனசு சரியில்லை' என்று எழுதினால் பயனில்லை. 'ரெண்டு ராத்திரி தூங்கலை, போனை அணைச்சு வச்சிட்டேன், சோத்தை மேல்மாடிக்கே கொண்டாரச் சொல்றேன்' என்று எழுதினால் வீட்டில் யாரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். இரண்டாவது, யார் துணையும் இல்லாமல் தானே செய்யக்கூடியது: கொட்டான் (ஓலைக்கூடை) பின்னுவது, தலைக்குக் குளிப்பது, வானொலி கேட்பது. அவருக்கு ஏற்கெனவே கைவந்ததாக இருக்கட்டும். புதிதாகத் தியானம் கற்கும் நேரம் இதில்லை. மூன்றாவது, கவனத்தைத் திருப்பும் ஆளும் இடமும். அங்கே நோயைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அப்பத்தாவோடு தாயம் ஆடலாம், காரைக்குடியில் என்றால் கொப்புடையம்மன் கோயில் வரை நடக்கலாம்.

நான்காவது படியில்தான் செட்டிநாட்டுக் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழுகின்றன. மனம்விட்டுச் சொல்லக்கூடியவர் என்று சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் பெயரை முதலில் எழுதுவார்கள். இங்கே இரவு 10 மணி என்றால் அங்கே 12.30, அவர் தூங்கியிருப்பார். ஆனால் மனச்சோர்வு உள்ள பலருக்கு விடியற்காலை விழிப்புதான் பெரும் வேதனை. இங்கே 4.30 ஆகும்போது அங்கே காலை 7. அந்த வேளைக்கு அண்ணனைப் போடுங்கள், இரவுக்குப் பத்து நிமிடத்தில் நேரில் வரக்கூடிய சித்தப்பாவையோ பக்கத்து வீட்டு அக்காவையோ போடுங்கள். பெயர் எழுதும் முன் அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். எதுவும் தெரியாமல் போனை எடுப்பவர், 'காலையில பேசுவோம்' என்று வைத்துவிடுவார்.

ஐந்தாவது, மருத்துவ உதவி. பார்க்கும் டாக்டரின் ஓ.பி. நாளும் எண்ணும், அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 (இரவு பகல் எந்நேரமும், தமிழிலும்), தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. உயிருக்கு ஆபத்து என்றால் தனியே விடாமல் 108-ஐ அழையுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்காதீர்கள்: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டிக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 115.

ஆறாவது, வீட்டைப் பாதுகாப்பாக்குவது. கடும் நெருக்கடி பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாமல் இருப்பதே பெரிய காப்பு. முகப்பில் ஒரு தெரு, பின்வாசலில் இன்னொரு தெரு என்று நீளும் வீட்டை இரண்டு வயதானவர்களால் முழுக்கக் காவல் காக்க முடியாது, முயலவும் வேண்டாம். படுக்கை, சாப்பாடு, குளியல் எல்லாம் வளவை (வீட்டின் நடு முற்றத்தை) ஒட்டியே இருக்கட்டும். மேல்மாடி, சாமான் அறை, பின்கட்டைப் பூட்டுங்கள். கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டுப் பூட்டுங்கள். பூச்சிமருந்தும் எலிமருந்தும் வீட்டிலேயே வேண்டாம், மதுவும்தான். பலர் மறப்பது: வெளியூரிலிருக்கும் பங்காளிகள் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துப்போன ஆளில்லாத வீடுகளின் சாவிக்கொத்து. அது சுவர் ஆணியில் தொங்கக் கூடாது. சில மாதம் வேறு வீட்டில் இருக்கட்டும். இதையெல்லாம் அவருக்குத் தெரிந்தே செய்யுங்கள். ஒளித்துச் செய்தால் சிறை வைத்ததாகத் தோன்றும், திட்டத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

மாத்திரை பற்றித் தனியே சொல்ல வேண்டும். முடிந்தால் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். பூட்டிய பெட்டியின் சாவி ஒருவரிடம். கொடுத்து, விழுங்குவதைப் பார்த்து, காலண்டரில் குறி போடுங்கள். பழைய பாக்கி மாத்திரை, அய்யாவின் பிரஷர், சுகர் மாத்திரை எல்லாம் அதே பெட்டிக்குள். மனச்சோர்வு மாத்திரை சரியாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். 'கேக்கலை' என்றோ 'சரியாயிருச்சு' என்றோ நிறுத்தினால் நோய் திரும்பும். லித்தியம் (மனநிலையைச் சீராக வைக்கும் மருந்து) எடுப்பவருக்குச் சித்திரை வெயில் தனிச் சிக்கல்: உடம்பில் தண்ணீர் வற்றினாலோ, உப்பைத் திடீரென்று குறைத்தாலோ, டாக்டரைக் கேட்காமல் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரை போட்டாலோ ரத்தத்தில் அதன் அளவு ஏறும். வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தில் லித்தியம் அளவைப் பாருங்கள்.

குணமானால் பழனிக்கு நடப்பதாக வேண்டுதல் இருந்தால் இந்தத் தைக்கே வேண்டாம். மனம் எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ நோயில் தூக்கம் கெடுவதே மனஎழுச்சியைத் தூண்டும். நாள்கணக்கில் நடை, அரைகுறைத் தூக்கம், நேரம் தப்பிய மாத்திரை மூன்றும் சேரும். முருகன் அடுத்த வருஷம் வரை பொறுப்பான்.

தாளை மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று நோயாளியின் சட்டைப்பையில் அல்லது பர்ஸில், ஒன்று துணையிருப்பவரிடம், ஒன்று மாத்திரைப் பெட்டியில். போனில் படமாகவும் வையுங்கள். ஏழு நாளுக்குள் முதல் ரிவ்யூ. தாளைக் கையோடு கொண்டுபோய், அந்த வாரத்தில் எந்தப் படி உதவவில்லை என்று டாக்டரிடம் காட்டி, அந்த வரியை அடித்து வேறு எழுதிக்கொண்டு வாருங்கள்.