சர்க்கரைவள்ளிக்கிழங்கை அவசரப்படாமல் வேகவையுங்கள்

ஆசையாக வாங்கி வந்து வேகவைத்தேன், சப்பென்று இருக்கிறது, கிழங்கு சரியில்லை என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் குறை கிழங்கில் இல்லை, வேகவைத்த வேகத்தில்தான். பச்சைக் கிழங்கில் இருக்கும் இனிப்பு கொஞ்சம்தான், நாக்குக்குத் தெரிகிற இனிப்பில் பெரும்பங்கு அடுப்பில் வைத்த பிறகுதான் உருவாகிறது. கிழங்குக்குள் பீட்டா அமைலேஸ் என்று ஒரு நொதி உண்டு. சூடு ஏறி மாவுச்சத்து இளக ஆரம்பித்ததும் அந்த நொதி அதை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். இந்த வேலை ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரைதான் மும்முரமாக நடக்கும், அதற்கு மேல் சூடு போகப் போக நொதி செயலிழந்துவிடும். கிழங்கின் நடுப்பகுதி அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு இனிப்பு.

நம்பிக்கை வராவிட்டால் ஒரே கிழங்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மைக்ரோவேவில் ஆறேழு நிமிடம் வையுங்கள், இன்னொரு பாதியை ஓவனில் ஒரு மணி நேரம் மெதுவாகச் சுடுங்கள். அடுத்தடுத்துச் சாப்பிட்டால் இரண்டும் ஒரே கிழங்கா என்று தோன்றும்.

ஓவன் இருந்தால் வேலை சுலபம். தோலோடு நன்றாகக் கழுவித் துடைத்து, முள்கரண்டியால் ஆறேழு இடத்தில் குத்துங்கள். ஓவனை முன்கூட்டியே சூடாக்கவே வேண்டாம், சில்லென்று இருக்கும்போதே கிழங்கை உள்ளே வைத்து 200 டிகிரிக்குத் திருப்பிவிடுங்கள், அது சூடாகிற நேரமும் கிழங்குக்கு லாபம்தான். நடுத்தரக் கிழங்குக்கு ஒரு மணி நேரம் ஆகும், தடிமனாக இருந்தால் இன்னும் கொஞ்சம். நேரத்தைவிடக் கண்ணை நம்புங்கள்: குத்திய ஓட்டைகள் வழியாகப் பாகு கசிந்து தட்டில் சொட்டி கறுப்பாக உறைந்திருக்கும், தோல் சதையை விட்டு விலகி லேசாகச் சுருங்கியிருக்கும், கத்தியை இறக்கினால் வெண்ணெயில் இறங்குவது மாதிரி தடையே இல்லாமல் போகும். அந்த நிலைக்கு முன்னால் வெளியே எடுத்துவிடாதீர்கள். அலுமினியத் தாளில் சுற்றினால் சுடுவதற்குப் பதிலாக ஆவியில் வெந்து தோல் நைந்துவிடும், அதனால் நான் சுற்றுவதில்லை. பாகு சொட்டும், அடியில் ஒரு தட்டு மட்டும் அவசியம்.

ஓவன் இல்லையா, பரவாயில்லை. அடிகனமான பாத்திரத்தில் முழுக் கிழங்கைத் தோலோடு போட்டு, மூழ்குகிற அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது, தண்ணீரும் கிழங்கும் சேர்ந்தே மெல்லச் சூடேற வேண்டும். வெட்டிப் போட்டால் இனிப்பு தண்ணீரில் இறங்கிவிடும், அதனால் முழுசாகவே வேகட்டும். குக்கர் சூட்டைச் சட்டென்று ஏற்றிவிடும், இனிப்பு வேண்டாம், காரமான சமையலில் மசித்துச் சேர்க்கத்தான் போகிறேன் என்றால் தாராளமாகக் குக்கரில் வையுங்கள்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள், கனமாக, இறுக்கமாக இருக்க வேண்டும், முனை சுருங்கியோ ஈரமாகவோ இருக்கக் கூடாது. ஒரே தடிமனில் இருப்பதாகப் பொறுக்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். தோலில் குண்டூசி குத்தியது போல ஓட்டைகள் இருந்தால் வண்டு துளைத்தது, எடுக்காதீர்கள். நான் ஒருமுறை கெட்ட இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியை வேகவைத்தேன், முழுவதும் கசந்தது. வண்டோ பூஞ்சையோ தாக்கினால் கிழங்கு தற்காப்புக்கு ஒரு கசப்புப் பொருளைச் சுரக்கும், அது உடம்புக்கு ஆகாது, வேகவைத்தாலும் போகாது. கசந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அப்புறம், ஃப்ரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள். பச்சைக் கிழங்குக்குக் குளிர் ஆகாது. நடுப்பகுதி கட்டிதட்டிப் போய் எவ்வளவு வேகவைத்தாலும் மசியாமல் நிற்கும். 13 முதல் 15 டிகிரி நல்லது, அது எல்லார் வீட்டிலும் கிடைக்காது, காற்றோட்டமான இருட்டு மூலையில் கூடையில் போட்டுவைத்தால் போதும். கழுவாமல் வையுங்கள், சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம்.

வறுவலுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். உருளைக்கிழங்கைப் போல மொறுமொறுப்பு வராது, இதில் சர்க்கரை அதிகம் என்பதால் மொறுகுவதற்கு முன்பே கருகத் தொடங்கும். முடிந்தால் வெள்ளைச் சதை உள்ள, மாவாக இருக்கும் கிழங்காகப் பாருங்கள், ஆரஞ்சு நிறக் கிழங்கில் பெரும்பாலும் ஈரம் அதிகம். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் விரல் விரலாக நறுக்கி, அரை மணி நேரம் தண்ணீரில் போடுங்கள் (வெட்டியதும் வெள்ளையாகப் பால் வடியும், கையில் ஒட்டினால் எண்ணெய் தேய்த்தால் போய்விடும், தண்ணீரில் கிடந்தால் துண்டுகள் கறுக்கவும் செய்யாது). பிறகு துணியில் பரப்பி ஈரமே இல்லாமல் துடைப்பதுதான் முக்கியம். ஒரு ஸ்பூன் கார்ன்ஃபிளவரைத் தூவிப் பிரட்டி, எண்ணெய் விட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, 220 டிகிரியில் பாதியில் ஒருமுறை திருப்பிவிட்டுச் சுடுங்கள். உப்பு கடைசியில். முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டு நமத்துப்போகும்.

மசிக்க, சூப் வைக்க எல்லாவற்றுக்கும் சுட்ட கிழங்கு வேகவைத்ததைவிட நூறு மடங்கு மேல் என்பது என் கருத்து. மிக்ஸியில் ஓடவிட்டால் பசை மாதிரி ஆகிவிடலாம், கரண்டியாலேயே மசியுங்கள். உப்பும் மிளகும் கொஞ்சம் தாராளமாக, கடைசியில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு, இல்லாவிட்டால் இனிப்பு திகட்டும். வெண்ணெயோ எண்ணெயோ சேர்ப்பது ருசிக்கு மட்டுமில்லை, ஆரஞ்சு நிறக் கிழங்கில் இருக்கும் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். ஊதா நிறக் கிழங்கில் எலுமிச்சை விட்டால் நிறம் சிவப்புக்குத் திரும்பும், சோடா மாவு பட்டால் நீலமாகும், பயப்பட வேண்டாம்.

எப்போது சுட்டாலும் இரண்டு கிழங்கு கூடுதலாகவே வைப்பேன். சுட்டு ஆறிய பிறகு ஃப்ரிட்ஜில் வைக்கலாம், அப்போது பிரச்சினை இல்லை. மறுநாள் தோலோடு கனமான வில்லைகளாக வெட்டி, இரும்புச் சட்டியில் வெண்ணெய் போட்டு, வெட்டிய பக்கம் அடியில் படும்படி வைத்து, மூன்று நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். திருப்பும்போது அடிப்பக்கம் செம்பழுப்பாகக் காய்ச்சிய பாகு போல மின்னும், அதன் மேல் கல்லுப்பைப் பொடித்துத் தூவி, சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள்.