ஞாயிற்றுக்கிழமைச் சட்டி எத்தனை நாள் தாங்கும்? கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் இருந்தவரை நம்மில் பலருக்கு உணவைச் சேமித்து வைப்பது ஒரு கேள்வியாகவே எழுந்ததில்லை. காலையில் வாங்கிய மீன் மதியத்துக்குள் குழம்பாகிவிடும். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டால் மறுநாள் காலைக்கு ஆயிற்று. கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்த சில வாரங்களிலேயே இந்தப் பழக்கம் கைவிட்டுப் போகிறது. காலை ஏழு மணிக்கு ரயிலைப் பிடித்து இரவு எட்டு மணிக்கு அறைக்குத் திரும்புகிறவர், ஞாயிற்றுக்கிழமை சௌகிட் சந்தையிலோ பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலோ ஒரு வாரத்துக்கான பொருளை வாங்கி, அன்றே ஒரு பெரிய சட்டியில் சமைத்து, அதை நாலைந்து நாளுக்கு இழுக்கத் தொடங்குகிறார். அந்தச் சட்டியை எதுவரை நம்பலாம் என்பதற்கே இந்தக் குறிப்பு.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, நேரக் கணக்கு குளிர்பெட்டியில் வைத்தபோது அல்ல, அடுப்பை அணைத்தபோதே தொடங்கிவிடுகிறது என்பதாகும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் கிருமிகள் பெருகும். சூழல் வாய்த்தால் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில வகைகள் இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஒன்று இரண்டு மணி நேரத்தில் 64 ஆகும், நான்கு மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டும். இங்கே பகலில் 32, 33 டிகிரி என்பது சாதாரணம். இரவிலும் பெரும்பாலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. மார்கழிக் குளிர் என்று ஒன்று இங்கே இல்லாததால், ஊரில் டிசம்பர் மாதத்தில் கிடைக்கும் சலுகையை இங்கே எந்த மாதத்திலும் எதிர்பார்க்க முடியாது. எடுத்துவைக்கப் போகும் உணவை இரண்டு மணி நேரத்துக்குள், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிய நடுப்பகலில் ஒரு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மலேசிய சுகாதார அமைச்சு சொல்லும் ‘சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் உண்ணுங்கள்’ என்ற அறிவுரையைச் சிலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வெளியில் இருக்கும் உணவை உண்டு முடிப்பதற்கான எல்லை. நான்கு மணி நேரம் மேசையில் இருந்ததை அதன்பிறகு குளிர்பெட்டிக்கு அனுப்பலாம் என்பது அதன் பொருள் அல்ல.

இதை நான் ஒரு சாம்பார்ச் சட்டியிடம் கற்றேன். வந்த புதிதில், இரவு பத்து மணிக்கு ஆவி பறந்துகொண்டிருந்த ஆறு லிட்டர் சட்டியை மூடி, அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட்டுப் படுத்தேன். காலையில் சட்டியின் வெளிப்புறம் சில்லென்றிருந்தது. கரண்டியை நடுவில் விட்டபோதோ வெதுவெதுப்பு மாறவில்லை, மேலே பொடிப்பொடியாகக் குமிழிகள் வந்திருந்தன. பக்கத்து வீட்டு அம்மா, இங்கேயே பிறந்து வளர்ந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, சட்டியோட வைக்காதீங்க, பிரிச்சு ஊத்தி வைங்க” என்றார். அவர் சொன்னதுதான் சரியான முறை. குழம்பை இரண்டு அங்குல ஆழத்துக்கு மேற்படாமல் அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, பாத்திரம் கழுவும் தொட்டியில் ஐஸ் கலந்த தண்ணீர் நிரப்பி அதில் அவற்றை நிறுத்தி, அவ்வப்போது கிளறினால் அரை மணி நேரத்தில் சூடு அடங்கிவிடும். ஆவி நின்ற பிறகு மூடி வைக்கலாம். இப்படி வைத்த சாம்பார், கறிக்குழம்பு, பொரியல் ஆகியவற்றுக்கு மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். ஞாயிறு சமைத்தது வியாழனோடு முடிந்தது. வெள்ளிக்கிழமைக்கு வேண்டியதை ஞாயிறன்றே உறைபெட்டியில் வைத்திருக்க வேண்டும்.

சோற்றை இந்தக் கணக்கில் சேர்க்க நான் தயாராக இல்லை. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நச்சை உருவாக்குகின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது, நாற்றமும் தராது. ஆகவே முகர்ந்து பார்த்து முடிவு செய்யும் நம் வழக்கம் சோற்றில் பயன்படாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளைக்குள் தின்றுவிடுவது நல்லது. பழைய சோறு தண்ணீரில் புளித்து அமிலத்தன்மை பெறுவது, அது வேறு கதை. குக்கரில் இரவெல்லாம் மூடிக் கிடந்த சோறு பழைய சோறு ஆகிவிடாது. காலையில் வாங்கிய நாசி லெமாக் பொட்டலம் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு என்பதால், அதை மாலைச் சிற்றுண்டிக்கு ஒதுக்கிவைக்க வேண்டாம். பினாங்கில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள், வழியில் கிடைக்கும் அன்னதானப் பொட்டலங்களைப் பையில் சேர்த்து வெயிலில் சுமந்து, மாலையில் வீட்டில் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். வாங்கிய இடத்திலேயே உட்கார்ந்து உண்டுவிடுவதுதான் முறை.

மீனில் ஒரு தனிச் செய்தி உண்டு. இங்கே மலிவாகக் கிடைக்கும் கெம்போங் மீன் நம் ஊர்க் கானாங்கெளுத்தியின் இனம். இதுவும் மத்தியும் சூரையும் வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் அவற்றில் பெருகும். தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடல் தடித்து, தலை வலிக்கும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்றே நினைக்கிறார்கள். சமைப்பதால் ஹிஸ்டமின் போகாது என்பதால், சந்தைக்குப் போகும்போதே ஐஸ் போட்ட பையைக் கொண்டுபோவதும், மீனைக் கடைசியாக வாங்குவதும் வீண் வேலையல்ல. வீட்டில் பச்சை மீனுக்கும் கோழிக்கும் கொத்துக்கறிக்கும் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். துண்டாக வெட்டிய ஆட்டிறைச்சி மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். இவற்றை எப்போதும் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும்.

முட்டை இங்கே கடைகளில் ஏ, பி, சி என்று தரம் பிரித்து வெளியிலேயே அடுக்கியிருக்கும். வீட்டில் கழுவாமல் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று வாரம் கவலையில்லை. சந்தையில் பிழிந்து வாங்கிய தேங்காய்ப்பாலை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். இட்லி மாவு இங்குள்ள சமையலறையில் வெகு சீக்கிரம் பொங்கிவிடும். பொங்கியதும் குளிர்பெட்டிக்கு மாற்றினால் நாலைந்து நாள் வரும், புளிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். தேநீருக்கு உடைத்த கெட்டிப்பால் டின்னை எறும்புக்குப் பயந்து தண்ணீர்த் தட்டில் வைப்பதைவிட, கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைப்பது சுலபம்.

வாடகை அறையின் குளிர்பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் பகிரும் பெட்டியில் கதவு மூடுவதே அரிது. ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் 4 டிகிரியோ அதற்குக் கீழோ காட்ட வேண்டும். உறைபெட்டிக்கு மைனஸ் 18. கதவுத் தட்டுதான் பெட்டியிலேயே சூடான இடம் என்பதால் பாலை அங்கே வைக்க வேண்டாம். உறைபெட்டியில் சமைத்த உணவு இரண்டு மூன்று மாதம் சுவை கெடாமல் இருக்கும். மீன் கொழுப்புள்ளதாயின் அதே அளவு, மற்ற மீன்கள் ஆறு மாதம் வரை.

மளிகைப் பொருளுக்கு இங்கே எதிரி ஈரப்பதம். ஊரிலிருந்து கொண்டுவரும் மிளகாய்த்தூளையும் ரவையையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, முதல் நான்கு நாள் உறைபெட்டியில் கிடத்தினால் வண்டு வைக்காது. பூசணம் பிடித்த நிலக்கடலையைக் கழுவியோ வறுத்தோ மீட்கப் பார்க்காதீர்கள். அஃப்ளடாக்சின் என்ற அதன் நச்சு சமையல் சூட்டில் போகாது.

பொட்டலங்களில் ‘தாரிக் லுப்புட்’ என்றிருந்தால் அது காலாவதி நாள், அதற்குப் பிறகு தொடக்கூடாது. ‘பாய்க் செபெலும்’ என்றிருந்தால் அந்த நாள் வரை தரம் குறையாது என்று பொருள். இரண்டுமே பிரிக்காத பொட்டலத்துக்கு மட்டுமே பொருந்தும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள்: மூடியே இருந்தால் குளிர்பெட்டி நான்கு மணி நேரமும், நிறைந்த உறைபெட்டி இரண்டு நாளும், பாதி நிறைந்தது ஒரு நாளும் குளிரைக் காக்கும்.