தொழிற்படிப்பில் சேரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே வேலூர், காட்பாடி, குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுகளில் நோட்டீஸ் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். தொழிற்படிப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த குழியிலேயே இன்றும் பிள்ளைகள் விழுவதைப் பார்க்கிறேன்.

'ஒரு வருட நர்சிங்'

எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கிற ஊர் என்பதால் இங்கே நர்சிங் என்றாலே பெற்றோர் யோசிக்காமல் பணம் கட்டிவிடுகிறார்கள். குடியாத்தம் பக்கத்துப் பெண் ஒருத்தி; அப்பாவுக்குத் தறி வேலை. ஒரு தனியார் நிறுவனத்தில் ஒரு வருட டிப்ளமோ முடித்து, லேமினேட் செய்த சான்றிதழோடு இன்டர்வியூவுக்குப் போனாள். "நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்டர் நம்பர் என்னம்மா?" என்றார்கள். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

நர்ஸாகப் பதிவு பெற பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம், அல்லது ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ 3 வருடம் படிக்க வேண்டும். 2 வருட ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு) கிராம சுகாதாரப் பணிக்கானது. எதைப் படித்தாலும் நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த இடமாக இருக்க வேண்டும். ஒரு வருடம் படித்தால் உதவியாளர் வேலைக்குப் போகலாம். அதை அப்படியே சொல்லிச் சேர்த்தால் தப்பில்லை. நர்ஸ் ஆகலாம் என்று சொல்லிச் சேர்ப்பது அநியாயம்.

நோட்டீஸில் 'அரசு பதிவு பெற்றது' என்றிருக்கும். பெரும்பாலும் அது அறக்கட்டளையைப் பதிவு செய்த விவரம்தான். படிப்புக்கு அங்கீகாரம் கொடுத்தது யார் என்று கேளுங்கள். பாலிடெக்னிக் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில்), ஐ.டி.ஐ. என்றால் என்.சி.வி.டி. அல்லது எஸ்.சி.வி.டி. (தேசிய, மாநிலத் தொழிற்பயிற்சி கவுன்சில்கள்), கலைக் கல்லூரி என்றால் நம் பக்கம் சேர்க்காட்டில் இருக்கிற திருவள்ளுவர் பல்கலைக்கழகம். உத்தரவு நகலைக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் இருக்கு சார்" என்று இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அங்கீகாரம் இல்லாத இடத்தில் கிடைக்காது.

ஒரிஜினல் சான்றிதழ்

மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும், முழு ஃபீஸையும் கட்டினால்தான் தருவோம் என்பார்கள். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள், ஒரிஜினலைச் சரிபார்த்து அங்கேயே திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே சொல்லிவிட்டது. ஜெராக்ஸ் கொடுங்கள், போதும்.

ரசீது இல்லாத பணம்

கட்டாதீர்கள்.

'நூறு சதவீத வேலை'

போன வருடம் முடித்த இரண்டு பேரின் நம்பரை அவர்கள் சம்மதத்தோடு வாங்கித் தரச் சொல்லுங்கள். எங்கே வேலை, கையில் எவ்வளவு வருகிறது, இப்போதும் அதே வேலையில்தானா என்று நீங்களே விசாரியுங்கள். ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ வேலை என்று சொன்னால், எந்தப் பிரிவில், யாருடைய சம்பளப் பட்டியலில் என்பதையும் கேளுங்கள். கான்ட்ராக்டர் மூலம் எடுத்த ஆளையும் 'பிளேஸ்மென்ட்' கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.