அன்றைய கீரையை அன்றே: வாங்குவதும் ஆய்வதும் கடைவதும்

எந்தக் கீரை உடம்புக்கு நல்லது என்று கேட்பவர்கள் அதிகம். அறுத்து எவ்வளவு நேரம் ஆன கீரை என்று கேட்பவர்கள் குறைவு. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது இரண்டாவது கேள்விதான். அறுத்த நிமிடத்திலிருந்தே கீரை வாடத் தொடங்கும். அதிலிருக்கும் வைட்டமின் சி வேகமாகக் குறையும், ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினும் கூடவே குறையும். காலையில் அறுத்து மதியம் சட்டியில் ஏறும் சாதாரணச் சிறுகீரை, ஃப்ரிட்ஜில் நான்கு நாள் கிடந்து மஞ்சளடித்த முருங்கைக்கீரையைவிட மேலானது. அருகிலேயே விளைந்ததை வாங்கச் சொல்வதற்கு வேறு எந்தக் காய்கறியையும்விடக் கீரைக்குத்தான் நியாயம் அதிகம். தூரத்திலிருந்து லாரியில் வந்து சேரும் தாங்குதிறன் அதற்கு இல்லை.

வாங்கும்போது

உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் காலை ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிய இந்தச் சந்தைகளில் அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகளே நேரடியாக விற்கிறார்கள். அதனால் “எந்த ஊர்க் கீரைங்க? எப்ப அறுத்தீங்க?” என்று விளைவித்தவரிடமே கேட்க முடியும். தெருவில் கூடையில் கொண்டுவரும் அம்மாவிடமும் தயங்காமல் கேட்கலாம். தொடர்ந்து ஒருவரிடமே வாங்குங்கள். இரண்டு வாரத்தில் உங்களுக்கென்று நல்ல கட்டை எடுத்து வைப்பார்.

எந்தத் தண்ணீரில் விளைந்தது என்பதையும் விசாரியுங்கள். சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த கீரையில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இலைக்குள்ளேயே ஏறியிருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அவை போகாது. இந்த ஒரு விஷயத்தில் விலை மலிவைப் பார்க்க வேண்டாம்.

கட்டைக் கையில் எடுத்ததும் கயிறு கட்டிய இடத்தை விரித்துப் பாருங்கள். மேலே தண்ணீர் தெளித்துப் பச்சையாகக் காட்டியிருப்பார்கள். உள்ளே தண்டு கறுத்து வழவழத்திருந்தால் அது நேற்றைய கட்டு. தண்டை ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும், நார் இழுத்தால் முற்றல். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை ஆகியவற்றில் இலையின் அடிப்புறத்தைக் கட்டாயம் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் கொப்புளம் போலப் புள்ளிகள் இருந்தால் அது வெண்துரு நோய். மேலிருந்து பார்த்தால் வெளிறிய மஞ்சள் திட்டாக மட்டும் தெரியும். ஒன்றிரண்டு இலையில் என்றால் கிள்ளி எறியலாம், கட்டு முழுக்க என்றால் வேண்டாம். பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் மருந்து அடிக்காத கீரை என்று நம்புவதும் சரியல்ல. பூச்சி வந்த பிறகுதான் பலர் மருந்தே அடிக்கிறார்கள்.

எவ்வளவு வாங்குவது? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்று கணக்குச் சொல்கிறது. கீரையும் அந்தக் காய்கறிக்குள் அடக்கம். கீரை செய்யும் நாளில் ஆளுக்கு ஆய்ந்த கீரை 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்தால் ஒரு பெரிய கரண்டி அளவுக்கு வற்றிவிடும். கட்டின் எடையில் வேர், முற்றிய தண்டு, பழுத்த இலை எல்லாம் கழிந்துபோகும் என்பதால், நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு கட்டு போதாது, இரண்டு தேவைப்படும்.

ஆய்வதும் அலசுவதும்

கீரை செய்யச் சோம்பல் வருவதே ஆய வேண்டியிருப்பதால்தான். எல்லாக் கீரையையும் இலை இலையாகக் கிள்ள வேண்டியதில்லை. இளம் சிறுகீரையும் முளைக்கீரையும் வேரை மட்டும் அறுத்துவிட்டு இளந்தண்டோடு சேர்த்தே சமைக்கக்கூடியவை. அரைக்கீரையில் இலையும் நுனிக்கொழுந்தும் போதும். தண்டுக்கீரைத் தண்டை நாருரித்து விரல்நீளம் நறுக்கிச் சாம்பாரில் போடுங்கள். அகத்தியில் நடு நரம்பிலிருந்து இலையை உருவ வேண்டும், காம்பு சேர்ந்தால் கசப்பு கூடும். முருங்கைக்கீரையை வாங்கிய இரவே கொத்தோடு ஒரு பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி மூலையில் வைத்துவிட்டால், காலையில் உதறும்போது இலைகள் தானே உதிர்ந்துவிடும். புத்துணர்வு கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் உருவ நேரமில்லாமல் கீரையே செய்யாமல் விடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

அலசும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கீரையைச் சல்லடையில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டால் மண் இலைகளுக்கு நடுவிலேயே தங்கும். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் பிடித்து, கீரையைப் போட்டு, கையால் மெதுவாக அளைந்து, இரண்டு நிமிடம் அசைக்காமல் விடுங்கள். மண் அடியில் படியும். இப்போது தண்ணீரைக் கொட்டாதீர்கள், கீரையை அள்ளி வெளியே எடுங்கள். தண்ணீரைச் சாய்த்தால் படிந்த மண் திரும்பவும் கீரைமேலேயே இறங்கும். பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பார்த்து, மண் நெருடாத வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். சாதாரணமாக மூன்று முறை, மழைக்காலத்தில் ஐந்து முறைகூட ஆகும்.

அலசிய பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டு அலசினால் வெட்டிய ஓரங்கள் வழியே தண்ணீரில் கரையும் சத்துகள் எல்லாம் சிங்க்கில் போய்விடும். தண்ணீரில் ஊறவைத்து மறந்துவிடுவதும் கூடாது.

கடையல்: அளவும் நேரமும்

ஆய்ந்து அலசிய அரைக்கீரை அல்லது சிறுகீரை 400 கிராம், சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், பச்சை மிளகாய் 2, சீரகம் அரைத் தேக்கரண்டி, தண்ணீர் 100 மில்லி. மண்சட்டியில் தண்ணீர் கொதித்ததும் வெங்காயம், பூண்டு, மிளகாய், சீரகம் போட்டு மூன்று நிமிடம் வேகவிடுங்கள். பிறகு கீரையை இரண்டு மூன்று தவணையாகப் போடுங்கள். ஒரு பிடி சுருண்டதும் அடுத்த பிடி. கீரையே தண்ணீர் விடும் என்பதால் மேற்கொண்டு ஊற்ற வேண்டாம். மூடாமல், மிதமான தீயில் ஆறிலிருந்து எட்டு நிமிடம். தண்டை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், அதுதான் பதம்.

அடுப்பை அணைத்துவிட்டு உப்பு சேருங்கள். முதலிலேயே போட்டால் மலைபோல் தெரியும் கீரையைப் பார்த்து அளவு கூடிப்போகும். அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, கடைந்த பிறகு ருசி பார்த்துச் சேர்ப்பது பாதுகாப்பு. பிறகு மத்தால் கடையுங்கள். சட்டியைச் சற்றுச் சாய்த்து, மத்தை அடியோடு அழுத்திச் சுழற்றினால் நான்கைந்து நிமிடத்தில் பூண்டும் வெங்காயமும் கீரையோடு சேர்ந்து மசிந்துவிடும். மிக்ஸியில் அடித்தால் பசை மாதிரி ஆகி நாக்கில் ஒட்டும். வேறு வழியில்லை என்றால் நன்றாக ஆறவைத்து, விட்டுவிட்டு இரண்டே சுற்று ஓட்டுங்கள். சூடாகப் போட்டால் ஆவி மூடியைத் தூக்கி எறிந்து கையைச் சுட்டுவிடும்.

தாளிக்க இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு வற்றல், பெருங்காயம். எண்ணெயே வேண்டாம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள், அது தவறு. கீரையில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு தேவை.

கீரை கறுத்துப்போவதற்கு முக்கியக் காரணம் மூடி. வேகும்போது இலையிலிருந்து வெளிவரும் அமிலங்கள் ஆவியாகப் போக வழியில்லாமல் திரும்பச் சட்டியிலேயே இறங்கினால் பச்சையம் பழுப்பாகிவிடும். புளியும் இதையேதான் செய்யும், இலை மெத்தென்று வேகவும் விடாது. புளி விட்ட கீரை செய்வதானால் கீரை வெந்த பிறகே கரைசலை ஊற்றுங்கள். நிறத்துக்காகச் சோடா உப்பு போடும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பச்சை பளிச்சென்று நிற்கும், ஆனால் வைட்டமின் சி-யும் தயமினும் (வைட்டமின் பி1) அழிந்துபோகும். குக்கரில் வைத்தால் நேரம் மிச்சமாகும், நிறமும் மணமும் போய்விடும். பருப்புக் கூட்டு என்றால் பருப்பை மட்டும் குக்கரில் குழைத்து, கீரையைத் தனியே வேகவைத்துச் சேருங்கள்.

முருங்கையும் அகத்தியும்

முருங்கைக்கீரைக்குக் கடையல் பொருந்தாது, பொரியல்தான். உருவிய இலை நான்கு கைப்பிடிக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். வெங்காயம் வதங்கியதும் நீர் வடிந்த இலையைப் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, எட்டிலிருந்து பத்து நிமிடம். கரண்டியின் அகலப் பக்கத்தால் கிளறினால் இலை உருண்டை உருண்டையாகத் திரளும். கரண்டியைத் திருப்பிக் காம்பால் கிளறினால் உதிரியாக நிற்கும். கடைசியில் தேங்காய்த் துருவலோ, வறுத்துப் பொடித்த வேர்க்கடலையோ ஒரு பிடி போதும்.

அகத்தியின் கசப்பைத் தேங்காயும் பாசிப்பருப்பும் தணிக்கும். ஏகாதசி விரதம் முடித்துத் துவாதசியன்று அகத்திக்கீரையோடு நெல்லிக்காயும் உண்ணும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சத்தின் கணக்கிலும் அது நல்ல சேர்க்கை. கீரையில் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் சேராத வகை. நெல்லிக்காயின் வைட்டமின் சி அதை உறிஞ்ச உதவுகிறது. நெல்லி இல்லாத நாளில், பரிமாறும் முன் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துவிடுங்கள், அடுப்பில் இருக்கும்போது வேண்டாம். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இந்த உதவி வீணாகும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. கீரை தினமும் சாப்பிடுகிறேனே என்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. கீரை உணவு, மாத்திரை சிகிச்சை. கர்ப்பிணிகள் இரண்டையும் விடக்கூடாது.

யார் கவனிக்க வேண்டும்

பாலக், பசலை, தண்டுக்கீரை இனங்கள், பருப்புக்கீரை ஆகியவற்றில், சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இவற்றை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, அளவாகச் சாப்பிட வேண்டும். மற்றவர்கள் வடிக்கக் கூடாது, சத்து அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும். சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் பொட்டாசியம் கணக்கை மருத்துவரிடம் கேட்டுவிட்டே சாப்பிடட்டும்.

சமைத்த கீரையை வெளியில் மணிக்கணக்காக வைக்காதீர்கள். கீரையில் இயல்பாக இருக்கும் நைட்ரேட்டைக் கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றும், கைக்குழந்தைகளுக்கு அது கெடுதல். மதியம் செய்ததை மதியமே முடிப்பது போல அளவாகச் செய்யுங்கள். மீந்தால் ஆறியதும் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, இரவில் ஒரே ஒரு முறை சூடாக்கிச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

அன்றே சமைக்க முடியாவிட்டால்

கழுவாதீர்கள். கயிற்றை அவிழ்த்து, வேரை அறுத்து, அழுகிய இலையை நீக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். பக்கத்தில் வாழைப்பழம், தக்காளி, மாம்பழம் வேண்டாம். அவை வெளிவிடும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் பழுக்கவைக்கும். சிறுகீரையும் வெந்தயக்கீரையும் இரண்டு நாள் தாங்கும், முருங்கை மூன்று நாள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைக்கீரை சேறோடும் அழுகலோடும் வரும், விலையும் ஏறும். அந்த மாதங்களில் மண் தொடாத முருங்கைக்கும் அகத்திக்கும் மாறிக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் பசலையும் பொன்னாங்கண்ணியும் நன்றாகக் கிடைக்கும்.

பொன்னாங்கண்ணியும் கொடிப்பசலையும் வாங்கினால் இலையைக் கிள்ளிய பிறகு தண்டைக் குப்பையில் போடாதீர்கள். முற்றிய தண்டில் இரண்டு மூன்று கணு இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கீழ்க்கணு மண்ணுக்குள் போகும்படி தொட்டியில் சற்றுச் சாய்த்து நடுங்கள். செம்மண், மட்கிய எரு, மணல் சம அளவு. முதல் ஒரு வாரம் நிழல், மண் காயாத அளவு தண்ணீர். புதுத்துளிர் வந்ததும் வெயிலுக்கு நகர்த்துங்கள். பறிக்கும்போது நுனியை மட்டும் கிள்ளினால் பக்கக்கிளைகள் வெடித்துக்கொண்டே இருக்கும். பசலைக்கு ஏற ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.