எழுதுவதற்கென்றே டேப்லட் வாங்கியவர்கள் ஸ்க்ரீன் புரொடெக்டரில் செய்யும் தவறுகள்

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ பினாங்கு பிராங்கின் மாலிலோ ஒரு கடை முன் நின்று, டேப்லட்டுக்கு ஸ்க்ரீன் புரொடெக்டர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "கிளாஸ் போடுங்க பாஸ், 9எச், கீழே விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்று பதில் வரும். கைப்பேசிக்கு அது நல்ல பதில்தான். ஆனால் பேனா பிடித்து எழுதுகிறவருக்கு, டேப்லட் என்றாவது ஒருநாள் விழுந்தால் என்ன ஆகும் என்பதைவிட, தினமும் மணிக்கணக்கில் பேனா அதன்மேல் எப்படி ஓடும் என்பதே பெரிய கேள்வி. அதைக் கடைக்காரர் கேட்பதில்லை, வாங்குகிறவரும் சொல்வதில்லை. கைப்பேசிக்கு வாங்கும் அதே கணக்கில் டேப்லட்டுக்கும் வாங்கிவிட்டு, பிறகு எழுத்து சரியாக வரவில்லை என்று பேனாவைக் குறை சொல்கிறோம்.

9எச் என்ற மந்திரம்

அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 9எச் என்பது பென்சில் கடினத்தைக் குறிக்கும் எண். எச்பி, 2பி என்று பள்ளியில் வாங்குகிறோமே, அதே வரிசையில் மிகக் கடினமான பென்சில்தான் 9எச். அதை 45 பாகைச் சாய்வில், ஏறக்குறைய முக்கால் கிலோ பாரத்தோடு பரப்பின்மேல் தள்ளும்போது கீறல் விழவில்லை என்றால் 9எச் என்று போட்டுக்கொள்ளலாம். பூச்சு, பெயின்ட் போன்றவற்றுக்காக வந்த சோதனை இது. மணலைப் பற்றி இது எதுவுமே சொல்லாது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம், எது எதைக் கீறும் என்பதை வைத்துக் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. கண்ணாடி 6-ஐ ஒட்டித்தான் நிற்கும். பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போய்வந்த பையில் டேப்லட்டை அப்படியே செருகினால் எந்த 9எச்சும் காப்பாற்றாது. எழுதும் பேனாவின் நுனியோ பிளாஸ்டிக், அதற்கு 9எச் தேவையே இல்லை. ஆக, இந்த எண்ணைப் பார்த்து இரண்டு புரொடெக்டர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லவில்லை. டேப்லட்டைச் சின்னப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டில் கண்ணாடிதான் சரி. ஆனால் அதன் தடிமனைக் கவனிக்க வேண்டும். வழக்கமாகக் கிடைப்பது 0.33 மி.மீ. எந்த ஐபேட் என்பதைப் பொறுத்து இது உறுத்தும் அல்லது உறுத்தாது. விலை குறைந்த அடிப்படை ஐபேட் வகைகளில் (9ஆம், 10ஆம் தலைமுறைகள், அதற்கு அடுத்து 2025இல் வந்ததும்கூட) மேல் கண்ணாடிக்கும் படம் தெரியும் அடுக்குக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி உண்டு. ஏர், புரோ வகைகளில் இரண்டும் ஒட்டியே இருக்கும். காற்றிடைவெளி உள்ள திரையின்மேல் இன்னொரு கண்ணாடியையும் வைத்தால், பேனா நுனி ஓரிடத்திலும் மை சற்றுத் தள்ளியும் விழுவதுபோலத் தோன்றும். சாய்வாக உட்கார்ந்து எழுதினால் இன்னும் அதிகம். அடிப்படை ஐபேட் வைத்திருக்கும் மாணவர்கள் மெல்லிய ஃபிலிம் பக்கம் போவது நல்லது.

இயந்திரத்தில் வெட்டித் தரும் மென் ஃபிலிம்

இப்போது நிறையக் கடைகளில் ஹைட்ரோஜெல் ஃபிலிமை உங்கள் மாடலுக்கு ஏற்றபடி அங்கேயே இயந்திரத்தில் வெட்டி ஒட்டித் தருகிறார்கள். கைப்பேசியின் வளைந்த திரைக்கு அருமையான பொருள். சின்னக் கீறல் தானே ஆறிவிடும். ஆனால் அது ஆறுவதற்குக் காரணமே அது மென்மையான பொருள் என்பதுதான். பேனா நுனி அதில் இலேசாக அமுங்கும், அழுத்தி எழுதினால் தடம் நிற்கும், ஓட்டம் தடைபடும். எழுதுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. இவ்வளவுதான்.

சொரசொரப்பு அதிகமானால் எழுத்து நன்றாக வருமா?

எழுத வேண்டும் என்று சொன்ன உடனே எல்லாரும் கைகாட்டுவது 'பேப்பர் ஃபீல்' என்று விற்கும், பளபளப்பில்லாத மேட் ஃபிலிமைத்தான். அதில் தப்பில்லை. வழுவழுப்பான கண்ணாடியில் தமிழ் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 'க்', 'ம்' என்று புள்ளி வைக்கும்போது நுனி சறுக்கிப் புள்ளி சின்னக் கோடாக நீளும். 'ஞ', 'ணை' போன்ற சுழிகள் எங்கே நிற்க வேண்டுமோ அதைத் தாண்டிப் போகும். கொஞ்சம் பிடிமானம் இருந்தால் இதெல்லாம் அடங்கிவிடும். தவிர, நம் ஊர் ஈரக் காற்றில் உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். மேட் பரப்பில் கை சுலபமாக நகரும்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், கொஞ்சம் பிடிமானம் நல்லது என்றால் நிறையப் பிடிமானம் இன்னும் நல்லது என்று நினைத்து இருப்பதிலேயே சொரசொரப்பானதை வாங்குவதில். அந்தப் பிடிமானம் எங்கிருந்து வருகிறது? ஃபிலிமின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கின்றன. அவை மூன்று வேலை செய்கின்றன. பேனாவைப் பிடித்து நிறுத்துகின்றன. மேலே இருந்து வரும் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. அப்புறம், திரையின் உள்ளிருந்து வரும் வெளிச்சத்தையும் அதேபோல் சிதறடிக்கின்றன. முதல் இரண்டும் வேண்டும், மூன்றாவது வேண்டாம், ஆனால் பிரித்து வாங்க முடியாது. அதனால்தான் சொரசொரப்பான ஃபிலிம் போட்ட ஐபேடில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் மணல் தூவியதுபோல வானவில் நிறப் பொடி மின்னுகிறது, சின்ன எழுத்துகளின் ஓரம் மங்குகிறது. பாடப்புத்தகப் பிடிஎஃப்பை நாளெல்லாம் படித்துக் கோடு போடுகிற மாணவருக்கு இது கண்வலியில் கொண்டுபோய் விடும். விரிவுரை மண்டபத்தில் தலைக்கு மேல் எரியும் குழல்விளக்கின் பிரதிபலிப்பை மேட் அழகாகக் கரைத்துவிடும் என்பது உண்மை. அதே டேப்லட்டை மாமாக் கடையின் வெளிமேசையில், பிற்பகல் வெயிலில் திறந்தால் திரை முழுதும் வெளிறிப் போகும். வெளிச்சம் சிதறுகிறதே தவிர, காணாமல் போவதில்லை.

இங்கே இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஆன்டி-கிளேர் என்பதும் ஆன்டி-ரிஃப்ளெக்டிவ் என்பதும் ஒன்றல்ல. முன்னது நாம் பேசிக்கொண்டிருக்கும் மேட். பின்னது மூக்குக்கண்ணாடியில் போடுகிறார்களே, அந்த மாதிரிப் பூச்சு. பிரதிபலிப்பையே குறைக்கும், படத்தை மங்கவிடாது, ஆனால் பேனாவுக்கு எந்தப் பிடிமானமும் தராது. இணையக் கடைகளில் இரண்டு சொற்களையும் ஒரே பொருளின் தலைப்பில் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். படத்தில் பரப்பு பளபளவென்று இருந்தால் அது மேட் இல்லை என்று முடிவு செய்துகொள்ளலாம்.

மேட் ஃபிலிமுக்கு மறைமுகச் செலவும் உண்டு. அது பேனா நுனியைத் தின்னும். உப்புத்தாள் மரத்தைத் தேய்ப்பதுபோலத்தான், வேகம் மட்டும் குறைவு. ஆப்பிள் பென்சிலின் நுனியைத் திருகிக் கழற்றி மாற்றலாம், நான்கு சேர்ந்த பொட்டலமாகக் கிடைக்கிறது. சாம்சங் எஸ் பென்னின் நுனியைச் சின்ன இடுக்கியால் பிடித்து இழுத்து மாற்ற வேண்டும். ஃபிலிமின் விலையைப் பார்க்கிறவர்கள் இந்த நுனிச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைவிட மோசம், நுனி தேய்ந்ததைக் கவனிக்காமல் எழுதிக்கொண்டே இருப்பது. நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து தட்டையானால், அல்லது ஆப்பிள் பென்சிலில் வெள்ளை பிளாஸ்டிக்கைத் தாண்டி உள்ளே உலோகம் எட்டிப் பார்த்தால், அன்றைக்கே மாற்றிவிடுங்கள். அந்த உலோகம் ஃபிலிமைக் கீறும், ஃபிலிம் இல்லாவிட்டால் திரையையே கீறும். தேயாது என்று சொல்லி இணையத்தில் விற்கும் மெல்லிய உலோக நுனிகளை மேட் ஃபிலிமோடு சேர்க்கவே கூடாது.

தேய்வது நுனி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஃபிலிமும் தேயும். வலக்கைக்காரர்கள் அதிகம் எழுதும் இடத்தில் சில மாதங்களில் ஒரு பளபளப்பான திட்டு விழும். அங்கே பேனா வழுக்கும், மற்ற இடத்தில் பிடிக்கும். ஒரே வரியில் எழுத்தின் அளவு மாறுகிறதே என்று யோசிக்கிறவர்கள் டேப்லட்டை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் திட்டு தெரிந்துவிடும். அது தெரிந்தால் ஃபிலிமின் காலம் முடிந்தது.

என் கருத்தைக் கேட்டால், எழுதுவதற்கு இலேசான மேட் போதும். அதற்கும் முன்னால், சில வெள்ளி செலவில் பேனா நுனிக்கு மாட்டும் சிலிகான் உறையை முயன்று பார்க்கலாம். திரையின் தெளிவு கொஞ்சமும் குறையாமல் பிடிமானம் வரும். தூசு ஒட்டும், அடிக்கடி மாற்ற வேண்டும், பார்க்கவும் அழகாக இருக்காது. ஆனாலும் மேட் உங்களுக்குத் தேவையா என்பதை ஒரு வாரத்தில் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. எஸ் பென் வைத்திருப்பவர்களுக்கு இதுகூட வேண்டியிருக்காது. அதன் நுனி ஆப்பிளுடையதைவிட மென்மை, வெறும் கண்ணாடியிலேயே ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

பகலில் குறிப்பெடுத்து இரவில் படம் பார்க்கிறவர்களுக்கென்று கழற்றி மாட்டும் காந்த ஃபிலிம் வந்திருக்கிறது. ஐபேடுக்கு நல்ல யோசனை. கழற்றிய ஃபிலிமை அதன் அட்டையிலேயே தட்டையாக வைக்கப் பழக வேண்டும், புத்தகத்துக்குள் செருகினால் மடிந்துவிடும். எஸ் பென் போன்ற மின்காந்த முறைப் பேனாவுக்குக் காந்தம் பகை. காந்தத்தின் அருகே கோடு இழுபட்டு விலகலாம், அதனால் அந்த டேப்லட்டுகளுக்கு இதைத் தவிர்த்துவிடுங்கள்.

'11 அங்குலம்' என்று மட்டும் சொல்லி வாங்குவது

இணையக் கடையில் நடக்கும் தவறு பெரும்பாலும் இதுதான். ஐபேட் 10ஆம் தலைமுறை 248.6 × 179.5 மி.மீ. ஐபேட் ஏர் 5ஆம் தலைமுறை 247.6 × 178.5 மி.மீ. திரை இரண்டுக்கும் 10.9 அங்குலம் என்றுதான் போட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும், அல்லது கேஸின் விளிம்பு இடித்து மூலையில் காற்றுக்குமிழ் நிற்கும். 2024இல் வந்த 11 அங்குல ஏரின் உடலளவு பழைய ஏர் 5-இன் அளவேதான், ஆனால் முன் கேமரா நீளப் பக்கத்துக்கு மாறிவிட்டது. அதே ஆண்டின் 11 அங்குலப் புரோ இரண்டோடும் சேராது, 249.7 × 177.5. மாடல் பெயரை நம்பாமல், செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் 'ஏ' என்று தொடங்கும் மாடல் எண்ணைப் பார்த்து, விற்பவர் தரும் பட்டியலில் அது இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

சில டேப்லட்டுகளுக்கு ஃபிலிமே தேவையில்லை. ஹுவாவேயின் பேப்பர்மேட் வகை, டிசிஎல் நெக்ஸ்ட்பேப்பர் ஆகியவற்றில் மேட் பரப்பு தொழிற்சாலையிலேயே வந்துவிடுகிறது. 2024 ஐபேட் புரோவில் 1 டிபி, 2 டிபி கொள்ளளவு வாங்கியவர்கள் தேர்ந்தெடுக்க முடிந்த நானோ-டெக்ஸ்சர் கண்ணாடியும் அப்படித்தான். இவற்றின்மேல் இன்னொன்றை ஒட்டுவது, கூடுதல் பணம் கொடுத்து வாங்கியதை மூடிவைப்பது. சாம்சங் டேப் எஸ்9, எஸ்9 பிளஸ், எஸ்9 அல்ட்ரா வைத்திருப்பவர்கள் வேறொன்றைப் பார்க்க வேண்டும். விரல்ரேகை உணரி திரைக்கு அடியில் இருக்கிறது, ஒளியால் படிக்கிறது. சொரசொரப்பான அல்லது தடித்த புரொடெக்டர் அதைக் குழப்பலாம். ஒட்டிய பிறகு விரல்ரேகையைப் புதிதாகப் பதிவு செய்யுங்கள், டிஸ்பிளே அமைப்பில் 'டச் சென்சிடிவிட்டி' இருந்தால் அதையும் இயக்கிப் பாருங்கள்.

ஒட்டும்போது

பழைய ஃபிலிமின்மேலேயே புதியதை ஒட்டாதீர்கள். யாராவது "மேலேயே போட்டுடலாம் அக்கா, டபுள் பாதுகாப்பு" என்று சொன்னால் சிரித்துவிட்டு வேறு கடைக்கு நகரலாம். வீட்டில் ஒட்டுவதென்றால் மின்விசிறியை நிறுத்துங்கள். குளித்து முடித்த குளியலறையில், நீராவி தூசியை அடக்கியிருக்கும் நேரத்தில் ஒட்டினால் தூசு குறைவு. டேப்லட் அளவுப் பரப்பில் ஒரு தூசு உட்கார்ந்தாலும் பேனா அதன்மேல் ஏறும்போது 'டக்'கென்று கைக்குத் தெரியும், கைப்பேசியில் கண்டுகொள்ளாமல் விடுவதுபோல் இதை விட முடியாது. துடைக்க மைக்ரோஃபைபர் துணி போதும். டிஷ்யூ தாளின் நார் மேட் ஃபிலிமின் பள்ளங்களில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

கடையில் ஒட்டச் சொன்னால், காசு கொடுப்பதற்கு முன் உங்கள் பேனாவை அங்கேயே எடுங்கள். மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு, மிக மெதுவாக. கோடு நெளிந்தாலோ விட்டுவிட்டு விழுந்தாலோ அந்தப் புரொடெக்டர் உங்கள் பேனாவுக்கு ஒத்துவரவில்லை. பிறகு நீங்கள் வழக்கமாக எழுதும் அளவில் புள்ளி வைத்த எழுத்துகள் நிறைந்த ஒரு வரியும், வெள்ளைப் பின்னணியில் ஏதாவது ஒரு பிடிஎஃப் பக்கமும். இரண்டு நிமிட வேலை. பின்னால் வரிசை நின்றாலும் அவசரப்படாமல் முடித்துவிட்டே நகருங்கள்.